கடல் கடந்து செல்லும் முன் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள்

பனவடலிசத்திரம், தேவர்குளம், சங்கரன்கோவில் வட்டாரத்திற்கு வெளிநாட்டுப் பயணம் புதியதன்று. பக்கத்திலுள்ள கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூர் சென்று குடியேறியவர்கள் 1941ஆம் ஆண்டிலேயே அங்குக் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைத் தொடங்கி, 1946இல் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையும் நிறுவினார்கள். அக்காலத்தில் பயணம் செய்தவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வயதினர். இன்று நிலைமை மாறியுள்ளது. துபாயிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ பணிபுரியும் பிள்ளைகளைக் காணவும், பேரப்பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்கி வரவும் அறுபது, எழுபது வயதைக் கடந்த பெற்றோர் விமானம் ஏறுகிறார்கள். அவர்களில் பலருக்கு நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதய நோய், மூட்டு வலி ஆகியவற்றில் ஒன்றேனும் இருக்கிறது.

கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு, பிள்ளைகளுக்கான முறுக்கு, அதிரசம் ஆகிய அனைத்தும் மாதக்கணக்கில் திட்டமிடப்படுகின்றன. மருத்துவரிடம் வருவது மட்டும் பெரும்பாலும் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே நிகழ்கிறது. "டாக்டர், நாளை மறுநாள் ஃபிளைட்டு, ஆறு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று கேட்போரை வாரந்தோறும் புறநோயாளிகள் பிரிவில் காண்கிறோம். மாத்திரை எழுதித் தருவது எளிது. அந்த மாத்திரை செல்லும் நாட்டில் அனுமதிக்கப்பட்டதா, தீர்ந்துபோனால் அங்குக் கிடைக்குமா, விமானத்தில் எப்போது உட்கொள்வது என்பவற்றை ஆராய இரண்டு நாள் போதாது. எனவே, செல்வோரும் அவர்களை வரவேற்கும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

ஆறு வாரம் முன்னதாக வாருங்கள்

பயணத்திற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னதாக உங்கள் மருத்துவரைச் சந்திப்பது நல்லது. இதற்குக் காரணங்கள் உண்டு. சில தடுப்பூசிகள் பயன் தருவதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருந்தால், புதிய மருந்து உங்கள் உடலுக்கு ஒத்துவருகிறதா என்பதை இங்கிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கட்டுக்குள் இல்லையெனில், அதைச் சீராக்கவும் சில வாரங்கள் தேவைப்படும். பல், கண் ஆகியவற்றையும் இந்தக் காலத்திலேயே பரிசோதித்துக்கொள்ளுங்கள். பல மேலைநாடுகளில் ஒரு பல்லைப் பிடுங்க ஆகும் செலவு நம் ஊரினரைத் திகைக்க வைக்கும். பயணக் காப்பீடு பெரும்பாலும் அதை ஏற்பதில்லை.

அண்மையில் நோய்வாய்ப்பட்டிருந்தவர்கள் அல்லது அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி விமானம் ஏறக் கூடாது. சிக்கலற்ற மாரடைப்பாயினும், மருத்துவர் வேறுவிதமாகக் கூறாதவரை, ஏழு முதல் பத்து நாள் வரையேனும் பொறுப்பது நல்லது. இதயச் செயலிழப்பு போன்ற சிக்கல் இருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்குப் பின் ஏறத்தாழ பத்து நாள் இடைவெளி வேண்டும். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டிருந்தால், அது முழுமையாகக் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும்வரை பயணம் செய்யவே கூடாது. உயரத்தில் அந்த வாயு விரிவடைந்து பார்வையைப் பறித்துவிடக்கூடும்.

மருந்தின் பெயர் ஊருக்கு ஊர் மாறும்

நாம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பெயர் நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர். எல்லை கடந்தால் அப்பெயருக்குப் பொருள் இல்லை. மருந்தின் மூலப் பெயரே எங்கும் செல்லுபடியாகும். ஆனால் அதிலும் சில விதிவிலக்குகள் உள்ளன. நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். மூச்சுத்திணறலுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் அங்கு ஆல்பியூட்டரால். சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு அங்கு கிளைபியூரைடு. இதை அறியாதவர்கள் ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் இரட்டிப்பாக உட்கொள்ள நேரிடும்.

இன்னொரு சிக்கல், நம் நாட்டில் பரவலாக எழுதப்படும் சில மருந்துகள் வேறு நாடுகளில் விற்பனைக்கே இல்லாமை. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் டெனெலிகிளிப்டின், வில்டாகிளிப்டின், வோகிளிபோஸ் ஆகியவை அமெரிக்கக் கடைகளில் கிடைக்கா. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள் இரத்தம் உறையாமலிருக்க இங்கு உட்கொள்ளும் அசினோகூமரால் என்னும் மருந்தும் அங்கு இல்லை. அவர்கள் பயன்படுத்துவது வார்ஃபரின். இரண்டின் அளவும் ஒன்றன்று. வால்வு பொருத்தியவர் நான்கு நாள் மருந்தின்றி இருப்பதும், தவறான அளவில் மாற்று மருந்தைத் தொடங்குவதும் உயிருக்கே ஆபத்தானவை. மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும் கூட்டு மருந்துகளும் பல நாடுகளில் அதே வடிவில் கிடைப்பதில்லை.

ஆகவே, மருத்துவரிடம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதம் கேட்டுப் பெறுங்கள். அதில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருக்க வேண்டும். உங்கள் நோய்கள், ஒவ்வொரு மருந்தின் மூலப் பெயர், மில்லிகிராம் அளவு, வேளை, ஒவ்வாமை, இன்சுலின் ஊசி வைத்திருப்பதற்கான காரணம் ஆகியவை இடம்பெற வேண்டும். கடைசியாக எடுத்த இ.சி.ஜி. படம் ஒன்றையும் உடன் வையுங்கள். வேற்று நாட்டு மருத்துவர் ஒருவர் நெஞ்சுவலியுடன் வந்த உங்களைப் பார்க்கும்போது, இ.சி.ஜி.யில் தெரியும் மாற்றம் பழையதா புதியதா என்று பிரித்தறிய அந்த ஒரு தாள் பேருதவி புரியும். இவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சிறு டப்பாக்களிலோ காகிதப் பொட்டலங்களிலோ போட்டுச் செல்லாதீர்கள். சுங்க அதிகாரிக்கு அது அடையாளம் தெரியாத மாத்திரை மட்டுமே. கடையில் தந்த அட்டையும் பெட்டியும் இரசீதும் அப்படியே இருக்கட்டும். பெயர்ச்சீட்டு இல்லாத சூரணம், செந்தூரம், பற்பம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

இங்கே மருந்து, அங்கே குற்றம்

பெரியவர்களின் மருந்துப் பையில் "வலி மாத்திரை", "நரம்பு மாத்திரை", "தூக்க மாத்திரை" என்று மூன்று பெரும்பாலும் இருக்கும். இவற்றைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். வலி மாத்திரையில் டிரமடால் கலந்திருக்கலாம். நரம்பு மாத்திரை என்பது நீரிழிவால் ஏற்படும் கால் எரிச்சலுக்கான பிரிகாபலினாக இருக்கலாம். தூக்க மாத்திரை அல்பிரசோலமாகவோ டயசிபாமாகவோ இருக்கலாம். இருமல் மருந்தில் கோடீன் இருக்கலாம். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா ஆகிய நாடுகளில் இவை கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள். முன் அனுமதியின்றிக் கொண்டு சென்ற பயணிகள் விமான நிலையத்திலேயே தடுத்து வைக்கப்பட்டதுண்டு. நோயாளி என்பதோ முதியவர் என்பதோ அங்கு உடனடி விடுதலைக்குக் காரணமாகாது.

இதற்கு வழி இருக்கிறது. அமீரக அரசு தனிநபர் பயன்பாட்டுக்கான மருந்துகளைக் கொண்டுவர இணையவழி அனுமதி வழங்குகிறது. சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் அதே பணியைச் செய்கிறது. மருத்துவரின் கடிதத்துடன் பயணத்திற்குச் சில வாரம் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அங்கிருக்கும் பிள்ளைகளே இதைச் செய்துவிடலாம். அனுமதி பெற இயலாத நிலையில், வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் நீங்களாகவே இம்மருந்துகளைத் திடீரென நிறுத்தாதீர்கள். நாள்பட உட்கொண்ட பிரிகாபலினையும் அல்பிரசோலமையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை, பதற்றம், சில வேளைகளில் வலிப்பும் ஏற்படக்கூடும். ஆறு வாரம் முன்னதாக வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுக்களையிலிருந்து செல்லும் பொருள்களிலும் கவனம் தேவை. குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபின் செடியின் விதை. அமீரகம், சவுதி, சிங்கப்பூர் ஆகியவற்றில் அது தடைசெய்யப்பட்ட பொருள். தனியே பொட்டலமாக மட்டுமன்றி, வீட்டில் திரித்த மசாலைப் பொடியில் கலந்திருந்தாலும் தடை தடையே. வெற்றிலையை அமீரகத்திற்கும், மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்கும் கொண்டு செல்லக் கூடாது. வெற்றிலைப் பழக்கமுள்ள பாட்டிமார் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். புகையிலையை விடுவதற்கு இப்பயணத்தையே நல்ல தொடக்கமாகக் கொள்ளலாம். பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோர் எந்த உணவுப் பொருளாயினும் வருகைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால் போவது பொருள் மட்டுமே, மறைத்தால் பெரும் அபராதம். வேறொருவர் "இதை என் மகனிடம் கொடுத்துவிடுங்கள்" என்று ஒட்டித் தரும் பொட்டலத்தை எக்காரணத்தாலும் ஏற்காதீர்கள்.

இன்சுலின்: 40க்கும் 100க்கும் இடையே ஓர் உயிர்

இன்சுலின் போடுபவர்கள் இப்பகுதியை இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நம் நாட்டில் மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகு இருக்கும். அமெரிக்கா, ஐரோப்பா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 அலகு இருக்கும். ஊசிக்குழலும் இதற்கேற்ப வேறுபடும். சிவப்பு மூடி உள்ளது 40 அலகுக் குழல். ஆரஞ்சு நிற மூடி உள்ளது 100 அலகுக் குழல்.

காலையில் 20 அலகு போடும் ஒருவர், இங்கிருந்து கொண்டுசென்ற குப்பி தீர்ந்ததும் அங்கு 100 அலகுக் குப்பி வாங்குகிறார் என்று கொள்வோம். பழைய சிவப்பு மூடிக் குழலில் வழக்கம்போல 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லி. புதிய குப்பியில் அரை மில்லி என்பது 50 அலகு. தேவையானதைவிட இரண்டரை மடங்கு மருந்து உடலில் சேரும். சர்க்கரை வெகுவாகத் தாழ்ந்து, நினைவிழந்து, உயிரிழக்கவும் நேரிடலாம். மாறாக, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் தம் ஆரஞ்சு மூடிக் குழலில் நம் 40 அலகுக் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை இழுத்தால், கிடைப்பது 8 அலகு மட்டுமே. அவருக்குச் சர்க்கரை எகிறும்.

விதி எளிது. குப்பியில் எழுதியுள்ள எண்ணும் குழலில் எழுதியுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். குப்பி மாறினால் குழலும் மாற வேண்டும். இன்சுலின் பேனா பயன்படுத்துவோருக்கு இக்குழப்பம் பெரும்பாலும் இல்லை; இங்கும் அங்கும் பெரும்பாலான பேனாக்கள் 100 அலகு வகையே. நீண்ட காலம் தங்கப் போகிறவர்கள் பேனாவுக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் கலந்து பேசலாம்.

இன்சுலினைச் சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கு அது உறைந்து செயலிழக்கலாம். பெட்டியே வேறு ஊருக்குச் சென்றுவிடவும் கூடும். கைப்பையில், மருத்துவரின் கடிதத்துடன் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி மருந்துகளுக்குத் தளர்த்தப்படுகிறது. பயன்பாட்டிலுள்ள குப்பியைப் பெரும்பாலான வகைகளில் சுமார் நான்கு வாரம் வரை அதிகக் குளிரோ வெயிலோ படாமல் வெளியில் வைத்திருக்கலாம். வளைகுடாக் கோடையில் நிறுத்திவைத்த காருக்குள் மட்டும் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள்.

எண்ணும் மாறும்

சர்க்கரை அளவை நாம் மில்லிகிராமில் சொல்கிறோம். அமெரிக்காவிலும் அவ்வாறே. ஆனால் இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளில் மில்லிமோல் என்னும் அளவு வழங்குகிறது. அங்குள்ள கருவி 10 என்று காட்டினால் பதறாதீர்கள். அதை 18ஆல் பெருக்குங்கள், 180 வரும். 15 என்றால் 270. 3.9க்குக் கீழே சென்றால் நம் கணக்கில் 70க்குக் கீழ். உடனே சர்க்கரை உட்கொள்ள வேண்டும். குழப்பம் வேண்டாமெனில், இங்கு நீங்கள் பயன்படுத்தும் கருவியையும் போதிய பரிசோதனைப் பட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

தாழ்சர்க்கரைக்காகப் பலர் கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அம்மிட்டாயின் சுவையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும் கடலையிலுள்ள கொழுப்பும் புரதமும் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மயக்கம் வரும் வேளையில் வேகமே முக்கியம். குளுக்கோஸ் மாவோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ கைப்பையில் இருக்கட்டும்; மிட்டாயை அதன் பிறகு உண்ணலாம்.

வானில் இருக்கும் நேரம்

விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பானது. உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 7,350 அடி. எனவே, ஊட்டியில் சில அடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலையில் உள்ளவர், விமானப் பயணத்திற்கு முன் அவசியம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கடும் இரத்தசோகை, நாள்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் தேவைப்படலாம்; அதற்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

நீண்ட நேரம் அசையாமல் அமர்ந்திருப்பதால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் இந்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்கே இது ஏற்படுகிறது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அண்மையில் அறுவை செய்துகொண்டவர், புற்றுநோய் உள்ளவர், முன்பு இவ்வாறு இரத்தம் உறைந்தவர், உடற்பருமன் மிக்கவர், கருவுற்றவர் ஆகியோருக்கு அபாயம் அதிகம். மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பது, அமர்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, இடைவழி ஓர இருக்கையைக் கேட்டுப் பெறுவது ஆகியவை போதிய பாதுகாப்பு தரும். அபாயம் கூடியவர்களுக்கு அழுத்தக் காலுறையோ மருந்தோ மருத்துவர் பரிந்துரைப்பார். கழிப்பறைக்குச் செல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீர் அருந்தாமலும், நீர் பிரியும் மாத்திரையை விட்டுவிட்டும் பயணம் செய்யும் பெண்கள் பலர். இரண்டுமே தீங்கு. மாத்திரையின் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

துபாய் நம் நேரத்திற்கு ஒன்றரை மணி நேரம் பின்னே இருக்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னே. இந்த அளவு வேறுபாட்டுக்கு மாத்திரையிலோ இன்சுலினிலோ பெரிய மாற்றம் தேவையில்லை. நியூயார்க் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியது. மேற்கு நோக்கிச் செல்லும்போது நாள் நீளும், இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படலாம். கிழக்கு நோக்கித் திரும்பும்போது நாள் குறுகும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். உங்கள் பயணச்சீட்டை எடுத்து வந்தால், எந்த நேரத்தில் எவ்வளவு என்று மருத்துவர் ஒரு தாளில் எழுதித் தருவார். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: உணவுக்கு முன் போடும் இன்சுலினை, உணவுத் தட்டு உங்கள் முன்னே வந்த பிறகே போடுங்கள். விமானம் குலுங்கினால் உணவு வழங்குவது நிறுத்தப்படும். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

எந்த நாட்டுக்கு எந்தத் தடுப்பூசி

ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளுக்குச் செல்வோர் அதற்கான தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் அந்நாடுகளிலிருந்து திரும்பினால், இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். தடுப்பூசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லத்தக்கது. சென்னை கிண்டி கிங் நிலையம் உள்ளிட்ட, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்களும் நோயெதிர்ப்பு குன்றியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஹஜ், உம்ரா செல்வோருக்கு நால்வகை மூளையுறைக் காய்ச்சல் தடுப்பூசி தேவை. சவுதி சென்றடைவதற்குக் குறைந்தது பத்து நாள் முன் போட்டிருக்க வேண்டும். அங்கு ஒட்டகங்களின் அருகே செல்வதையும், காய்ச்சாத ஒட்டகப் பால் அருந்துவதையும் தவிருங்கள். மெர்ஸ் என்னும் கடும் நுரையீரல் தொற்று அவற்றின் வழியே பரவுகிறது. எந்த நாட்டுக்குச் சென்றாலும், முதியவர்களுக்கும் நீரிழிவு, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் இன்ஃபுளூயன்சா தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் நன்மை தரும்.

பிள்ளைகள் வீட்டில் தங்கும்போது

மூன்று மாதத்திற்கென்று சென்றவர்களை "இன்னும் இரண்டு மாதம் இருங்கள்" என்று பிள்ளைகள் நிறுத்திக்கொள்வது இயல்பு. அப்போது நிகழும் ஒன்றைப் பெற்றோர் வெளியே சொல்வதில்லை. மாத்திரை தீரப்போகிறது என்று அறிந்ததும், பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று எண்ணி, இரு வேளை மருந்தை ஒரு வேளையாக்கிக்கொள்கிறார்கள். ஊர் திரும்பியதும் எங்களிடம் வரும்போது சர்க்கரை 400ஐத் தொட்டிருக்கும். சிலருக்கு இதய வீக்கம் மீண்டிருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் அம்மாவிடம் "மாத்திரை இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், "இருக்கிறது" என்றே சொல்வார். மாதம் ஒரு முறை அட்டைகளை நீங்களே எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குப் பொதுவாக மூன்று மாத அளவு மருந்தையே கொண்டுசெல்ல அனுமதிக்கிறார்கள். அதற்கு மேல் தங்குவதாக இருந்தால், மருந்து தீர்வதற்கு ஒரு மாதம் முன்பே அங்குள்ள மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பயணக் காப்பீட்டை விலை பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது பொருந்துமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் மறைத்து எடுத்த காப்பீடு, மாரடைப்பு வந்த நாளில் பயன்படாது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனையில் சேரும் வெளிநாட்டு வருகையாளர் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் செலுத்த வேண்டியிருக்கும். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

நீரிழிவால் கால் மரத்தவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். பயணத்திற்கென வாங்கிய புதிய காலணியைப் புறப்படும் நாளில் முதன்முறையாக அணியாதீர்கள். ஒரு மாதம் முன்பே சிறிது சிறிதாக அணிந்து பழக்குங்கள். குளிர்நாட்டில் காலை வெப்பமூட்டியின் அருகே வைத்துக் காய்ச்சிக்கொள்ளாதீர்கள். சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். அப்புண் விரலை எடுக்கும் அளவுக்குப் போகலாம். வளைகுடாவில் கோடையில் நண்பகல் நடை வேண்டாம்.

வீட்டில் தனியே இருக்கும்போது நெஞ்சுவலி வந்தால் யாரை அழைப்பது என்பதை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். நம் 108 அங்கு இயங்காது. ஆம்புலன்சுக்கு அமீரகத்தில் 998, சவுதியில் 997, சிங்கப்பூரில் 995, மலேசியாவிலும் இங்கிலாந்திலும் 999, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000. எண்ணையும் வீட்டு முகவரியையும் தமிழ் எழுத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.

அங்கிருந்து இங்கு வருவோருக்கு

சங்கரன்கோவில் ஆடித் தபசுக்கும் குற்றாலச் சாரலுக்கும் பேரப்பிள்ளைகள் வருவார்கள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கு நம் தண்ணீரும் கொசுவும் புதியவை. டைஃபாய்டு தடுப்பூசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாக அங்கேயே போட்டு வரச் சொல்லுங்கள். கொதித்து ஆறிய நீரையே கொடுங்கள். தெருநாயைக் கொஞ்ச விடாதீர்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ மஞ்சளும் சுண்ணாம்பும் பூசாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தடுப்பூசித் தவணைகள் முடிவதற்குள் அவர்கள் திரும்பிச் செல்ல நேர்ந்தால், எஞ்சியவற்றை அங்குத் தொடர்வதற்கான சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் வந்தபின் காப்பாற்ற மருந்தில்லை. வராமல் தடுக்க மட்டுமே இருக்கிறது.

ஊர் திரும்பியபின் மூன்று வாரத்திற்குள் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவர்களுக்கு மூன்று மாதம் வரை வரும் எந்தக் காய்ச்சலிலும் மலேரியா பரிசோதனை அவசியம்.

புறப்படும் முன் ஒரு முறை சரிபாருங்கள்

மருத்துவரின் ஆங்கிலக் கடிதம், இ.சி.ஜி. நகல். தங்கும் நாள்களுக்கும், அந்நாட்டு விதி இடம் தந்தால் கூடுதலாக இரண்டு வாரத்திற்கும் மருந்து. அதில் ஒரு வாரத்திற்கானதேனும் கைப்பையில். வலி, நரம்பு, தூக்க மாத்திரைகளுக்கான அனுமதி. இன்சுலின் குப்பிக்குப் பொருந்தும் குழல். சர்க்கரைக் கருவி, பட்டைகள், குளுக்கோஸ். பழகிய காலணி. காப்பீட்டு ஆவணம். தடுப்பூசிச் சான்றிதழ். கசகசா இல்லாத மசாலைப் பொடி.

திருவனந்தபுரமோ மதுரையோ, எந்த விமான நிலையத்திலிருந்து புறப்பட்டாலும், அதற்கு ஆறு வாரம் முன் உங்கள் மருந்துப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு புறநோயாளிகள் பிரிவுக்கு வாருங்கள். சீட்டு மட்டும் போதாது; பை வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு மாத்திரையையும் மேசை மேல் பரப்பி, எது செல்லும், எது செல்லாது, எதை மாற்றுவது என்று உடனிருந்து பார்ப்போம்.